எழுதினதை ஆக்களிட்டக் கொண்டுபோறது எப்பிடி: வன்னியில எழுதுற பிள்ளையள் அடிக்கடி கேக்கிற கேள்வியள்

கதை கவிதை எழுதுற தம்பி தங்கச்சியள் என்னைக் காணுற இடத்தில எல்லாம், பஸ் ஹோல்ற்றில, சந்தையில, பிரதேச செயலகக் கலாசார விழாவில, ஒரே மாதிரிக் கேள்வியளைத்தான் கேக்கினம். எப்பிடி எழுதுறது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை, எழுதி முடிச்சதை மற்றவைக்குச் சொல்லத்தான் கூச்சப்பட்டுக்கொண்டு நிக்கினம். நான் வட்டக்கச்சிப் பக்கம் இருந்து எழுதுறன், ரெண்டு சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கு. முதல் புத்தகம் 300 கொப்பி அடிச்சு, வெளியீட்டுக்குப் பிறகு ஒருத்தரிட்டயும் வாய் திறக்காமல், மிச்சம் 170 கொப்பியையும் காட்போட் பெட்டியில கட்டிச் சுவரோரம் வச்சிட்டன். அடுத்த மாரி முடிஞ்சு பெட்டியைத் தூக்கினால் அடி கழண்டு விழுந்துது, கறையான் ஏறி உள்ள எல்லாம் மண், மேல் அடுக்கில கிடந்த கொஞ்சம்தான் தப்பினது. நாலு வருசம் இரவிரவா எழுதினது. அந்தக் கவலையிலதான் இதை எழுதுறன், உங்கட பெட்டி அப்பிடிப் போகக் கூடாது.

என்ர எழுத்தை நானே சொல்லித் திரியிறது தம்பட்டம் இல்லையோ? ஆக்கள் என்ன நினைப்பினம்?

இந்தக் கூச்சம் எங்கட ஆக்களுக்கு இண்டைக்கு நேற்று வந்ததில்லை. அவையடக்கம் பாடாமல் காப்பியம் தொடங்காத சனம் நாங்கள். ஆனா பவணந்தியார்ர நன்னூல்ல, 13 ஆம் நூற்றாண்டு, பாயிரத்தில ரெண்டு சூத்திரம் பக்கத்தில பக்கத்தில இருக்கு, முதலாவதைத்தான் எல்லாருக்கும் தெரியும், எத்தினை துறை படிச்சு முடிச்சாலும் தன்னைத் தானே புகழுறது தகுதியில்லை எண்டு. அதுக்கு அடுத்ததை ஒருத்தரும் சொல்லுறேல்லை. நாலு இடத்தில புலவன் தன்னைத் தானே சொல்லலாம் எண்டு அதில இருக்கு: அரசன்ர அவைக்கு ஓலை எழுதேக்க, தன்ர ஆற்றல் தெரியாத ஆக்களுக்கு நடுவில நிக்கேக்க, சபையில வாதாடி வெல்ல வேண்டி வரேக்க, எதிராளி தன்னைப் பழிச்சுக் கதைக்கேக்க. “தன்னைப் புகழ்தலும் தகும் புலவோற்கே” எண்டு முடியும். எங்களுக்கு அந்த ரெண்டாவது இடம்தான். உங்கட ஆற்றல் தெரியாத சனத்துக்கு நடுவிலதானே நிக்கிறியள், மல்லாவியில இருந்து ஒரு பிள்ளை கவிதை எழுதுது எண்டு மாங்குளத்தில இருக்கிறவருக்கு ஆர் சொல்லுறது?

கூத்துப் பாத்த ஆக்களுக்கு இது இன்னும் லேசா விளங்கும். முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்து ஆடேக்க ஒவ்வொரு பாத்திரமும் வரவுப் பாட்டோடதான் களரிக்குள்ள வரும், நான் இன்னார், இன்ன ஊர், இன்ன அலுவலா வந்தனான் எண்டு பாடி ஆடிட்டுத்தான் கதைக்குள்ள போகும். பாத்துக்கொண்டிருக்கிற சனம் அதைப் பெருமை எண்டு நினைக்கிறேல்லை, வரவு இல்லாட்டி வந்தது ஆரெண்டே தெரியாது. நீங்கள் சொல்ல வேண்டியதும் அவ்வளவுதான், ஆர் நீங்கள், என்ன எழுதியிருக்கிறியள், எங்க வாசிக்கலாம். வரவு பாடினவர் விடியும் வரைக்கும் வரவையே பாடிக்கொண்டு நிண்டால்தான் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பும்.

சரி, ஆனா சொல்லப் போகேக்க நாக்கு ஒட்டுது. என்னெண்டு தொடங்கிறது?

எங்கட ஒழுங்கைக்கு விடிய ஒரு மீன்கார அண்ணை மோட்டச்சைக்கிள்ல வருவார், பின்னால றெஜிபோம் பெட்டி. ஹோர்ன் அடிச்சு நிப்பாட்டுவார், படலையடிக்கு ஆராவது வந்தால் மூடியைத் திறந்து ஒரு விளைமீனை எடுத்துச் செவுளைத் தூக்கிக் காட்டுவார், உள்ள சிவப்பா இருக்கும். நல்ல மீன் எண்டு அவர் வாயால சொல்லி நான் கேட்டதில்லை. வேண்டாட்டி மூடிப்போட்டு அடுத்த படலைக்குப் போடுவார், முகத்தில ஒண்டும் இராது, நாளைக்கும் வருவார்.

எழுத்துக்கும் அந்தச் செவுள் மாதிரி ஒரு இடம் இருக்கு. உங்கட கதையில நாலு வரியைத் தேடி எடுங்கோ, அந்த நாலு வரியையும் அப்பிடியே போடுங்கோ, அதுக்குக் கீழ “முழுக்கதையும் வாசிக்க விருப்பமெண்டால் சொல்லுங்கோ, அனுப்பிவிடுறன்” எண்டு மட்டும் எழுதுங்கோ. “எனது கன்னி முயற்சிக்கு உங்கள் பேராதரவை வேண்டி நிற்கிறேன்” எண்டு எழுதினால் வாசிக்கிற ஆளுக்குக் கதையைப் பற்றி ஒண்டும் தெரியாது, தன்னட்ட ஏதோ உதவி கேக்கினம் எண்டு மட்டும் தெரியும், அந்த நேரத்தில ஆருக்கும் கால் பின்னுக்குத்தான் போகும். உங்களுக்குக் கூச்சம் வாறதும் அதாலதான் எண்டு நான் நினைக்கிறன், ஆதரவு கேக்கிறது கடன் கேக்கிற மாதிரி. நாலு வரியைக் காட்டுறதில ஒரு கடனும் இல்லை.

இன்னொண்டு, வேண்டாம் எண்டு சொல்ல அவைக்கு இடம் விடுங்கோ. “வாசிச்சிட்டுக் கட்டாயம் சொல்ல வேணும்” எண்டு போடாதேங்கோ. நான் அனுப்பேக்க கடைசியில “நேரம் கிடைச்சால் காணும், பதில் போடாட்டியும் பிரச்சினை இல்லை” எண்டு போடுவன், உண்மையா அப்பிடியே நினைச்சும் கொள்ளுவன், பேந்து தொட்டுக் கேக்க மாட்டன்.

முதல்ல ஆரிட்டச் சொல்லுறது?

ஒரு சிஆர் கொப்பியில பேர் எழுதுங்கோ, இருபது பேர் காணும். ஒவ்வொரு பேருக்கு நேரேயும் ஏன் இவருக்கு இந்தக் கதை எண்டு ஒரு காரணம் எழுத வேணும். இரணைமடு வாய்க்கால் கட்டில நடக்கிற கதை எண்டால் கமக்கார அமைப்பில இருக்கிற ஐயா ஒருத்தர், ரியூஷன் பிள்ளையளைப் பற்றின கதை எண்டால் உங்களுக்குப் படிப்பிச்ச ரீச்சர். காரணம் எழுத வராத பேரை வெட்டிவிடுங்கோ, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும். அந்தக் காரணத்தையே மெசேச்சில முதல் வரியா எழுதலாம்: “ஐயா, நீங்கள் அண்டைக்குக் குளத்துத் துருசு திறந்த கதை சொன்னியள், அதை வச்சு ஒண்டு எழுதியிருக்கிறன்.” இப்பிடி வந்த மெசேச்சை ஆரும் தொந்தரவு எண்டு நினைச்சு நான் காணேல்லை.

வட்ஸ்அப் குறூப்பில போடலாமோ?

இதில எனக்கு ஒரு கெட்ட அனுபவம் இருக்கு. எங்கட ஊர்க் குறூப்பில மரண அறிவித்தல், கோயில் திருவிழா, கரண்ட் நிப்பாட்டுறது, ஆட்டுக்குட்டி காணாமல் போனது எல்லாம் வரும். நான் ஒருநாள் இரவு புதுக்கவிதை ஒண்டைப் போட்டிட்டுப் படுத்திட்டன். விடியப் பாத்தால், எனக்கு நேர மேல ஒரு வீட்டின்ர மரண அறிவித்தல், நான் போடுறதுக்கு ரெண்டு நிமிசம் முதல் வந்தது, நான் பாக்கேல்லை. அதுக்குக் கீழ என்ர காதல் கவிதை, பூப்படம் வேற. அழிக்கிறதுக்கு முதல் எத்தினை பேர் பாத்திச்சினமோ. அந்த வீட்டுக்கு நேர போய் நிண்டு சொல்லிட்டுத்தான் வந்தன், அவையள் பெரிசா எடுக்கேல்லை, ஆனா எனக்கு அது இண்டைக்கும் நெஞ்சுக்குள்ள கிடக்கு.

அதால நான் இப்ப ஊர்க் குறூப்பில என்ர எழுத்துப் போடுறதில்லை, அந்தக் குறூப் வேற அலுவலுக்குத் தொடங்கினது. இலக்கியத்துக்கெண்டே தொடங்கின குறூப்பில போடலாம், அங்கயும் மற்றவையின்ரயை வாசிச்சு ரெண்டு வசனம் எழுதின பிறகு போடுறதுதான் மரியாதை. ஊராக்களுக்குத் தெரிய வேணும் எண்டால் ஸ்ரேற்றஸ் நல்லது, 24 மணித்தியாலத்தில தானா மறைஞ்சிடும், விருப்பமான ஆள் தானாத்தான் வந்து பாக்கும். புரோட்காஸ்ற் லிஸ்ற்றும் வசதி, உங்கட நம்பரைத் தங்கட போன்ல சேவ் பண்ணி வச்சிருக்கிற ஆக்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும், ஒவ்வொருத்தருக்கும் தனி மெசேச்சாப் போகும், குறூப் மாதிரி ஆராரெண்டு மற்றவைக்குத் தெரியாது. ஆனா லிஸ்ற்றில சேர்க்க முதல் ஒருக்காக் கேளுங்கோ. “மாதத்தில ஒரு கதை அனுப்புவன், விருப்பமோ” எண்டு கேட்டு ஓம் எண்ட ஆக்கள் பதினொரு பேர் இருந்தால் அந்தப் பதினொரு பேரும் வாசிப்பினம். கேக்காமல் சேர்த்த இருநூறு பேர் உங்கட மெசேச்சைத் தட்டி விட்டிட்டுப் போவினம்.

ஒரே கதையை எத்தினை தரம் சொல்லலாம்?

மூண்டு தரம். வந்த அண்டைக்கு, ஒரு கிழமை கழிச்சு வேற நாலு வரியோட, பேந்து ஆராவது அதைப் பற்றி ஏதும் நல்லதாச் சொன்னால் அதைச் சொல்லி ஒருக்கா. அதோட விடுங்கோ, அடுத்ததை எழுதுங்கோ.

வீட்டு ஆக்களே வாசிக்கினமில்லை, அதுதான் பெரிய வேதனை.

ஓம், இது நோகும். அம்மாவுக்குப் புத்தகத்தைக் குடுத்தன், சாமித்தட்டில வச்சுப் பூ வச்சவ, மூண்டு மாதமாத் திறக்கேல்லை. எனக்கு உள்ளுக்க கோவம். பிறகுதான் தெரியும், அவவுக்கு அந்த எழுத்து நுணுக்கம், கண்ணாடி போட்டும் வரி ஓடுது எண்டு சொல்ல வெக்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறா. ஒருநாள் பின்னேரம் பயித்தங்காய் முறிச்சுக்கொண்டு இருந்தவவுக்குப் பக்கத்தில குந்தியிருந்து ஒரு கதையை வாசிச்சுக் காட்டினன். பாதியில கை நிண்டிட்டுது. முடிய, “அந்தக் கிணத்தடிக்கு முதல் ஒரு நாவல் மரம் நிண்டதெல்லே, அதை ஏன் விட்டனீ” எண்டா. அவ்வளவுதான் சொன்னவ. நான் அந்த மரத்தை இரண்டாம் பதிப்பில சேர்க்க வச்சிருக்கிறன்.

எல்லா வீட்டிலயும் இப்பிடி நடக்கும் எண்டு சொல்லேல்லை. சில வீட்டில “உதால சோறு வருமோ” எண்டுதான் கேப்பினம், அவையளோட மல்லுக்கட்ட வேண்டாம், அவையள் பட்ட பாடு அப்பிடி. ஆனா வாசிக்கினமில்லை எண்டு முடிவு எடுக்க முதல் வாசிக்க ஏலுமா எண்டு ஒருக்காப் பாருங்கோ. கண் ஏலாத ஆக்களுக்கு நீங்களே வாசிச்சு வொய்ஸ் அனுப்பலாம், ஒரு கதையை ரெண்டு மூண்டு துண்டா, ஒவ்வொண்டும் அஞ்சு நிமிசத்துக்குள்ள. கோழி கூவுறது கேட்டால் கேக்கட்டும், பரவாயில்லை.

சண்டையில செத்த ஆக்களைப் பற்றி, காணாமல் போன ஆக்களைப் பற்றி எழுதிட்டு அதை “வாசியுங்கோ, வாங்குங்கோ” எண்டு சொல்ல மனம் வருதில்லை. அது வியாபாரம் மாதிரி இல்லையோ?

இந்தக் கேள்விக்கு முன்னால நான் கன நாள் நிண்டிருக்கிறன். வன்னியில எழுதுற ஆருக்கும் 2009 ஐச் சுத்திக்கொண்டு போக ஏலாது, கலியாணக் கதை எழுதினாலும் அது உள்ளுக்க வந்து நிக்கும். மனம் வரமாட்டன் எண்டுதே, அந்த மனம் சரியாத்தான் இருக்கு, அதை அடக்காமல் அது சொல்லுறதைக் கேட்டு நடவுங்கோ எண்டுதான் சொல்லுவன்.

நான் செய்யிறது இதுதான். கதை ஒரு ஆளிட்ட இருந்து வந்ததெண்டால் அச்சுக்குப் போக முதல், ஒருத்தருக்கும் காட்ட முதல், அந்த ஆளிட்ட கொண்டுபோய் வாசிச்சுக் காட்டுவன். எங்களுக்கு ரெண்டு ஒழுங்கை தள்ளி ஒரு அம்மா இருக்கிறா, அவவின்ர மகன்ர கதையை எழுதினன், பேரை மாத்தி, இடத்தை மாத்தி, ஆள் பிடிபடாமல் இருக்கட்டும் எண்டு அவன் விட்டிட்டுப் போன செருப்பின்ர நிறத்தையும் நீலத்தில இருந்து மண்ணிறமா மாத்திட்டன். வாசிச்சுக் காட்டேக்க பேசாமல் கேட்டுக்கொண்டு இருந்தவ அந்த இடத்தில மட்டும் கையைப் பிடிச்சு நிப்பாட்டினா. “பேரை மாத்தினது காணும். செருப்பை மாத்தாதை பிள்ளை, அது நீலம்.” உள்ள போய் ஒரு ஷொப்பிங் பாக்கை எடுத்துக்கொண்டு வந்தா, முடிச்சை அவிழ்த்தா, நீல பாட்டா, ஒரு வார் அறுந்து ஊசி குத்திக் கிடந்தது. நான் திருப்பி நீலமாக்கினன். அதுக்குப் பிறகு அந்தக் கதையைப் பற்றி ஆரிட்டச் சொல்லவும் எனக்குக் கூச்சமில்லை, அது என்ர பேருக்காகச் சொல்லுறதா இல்லை, அவ சொல்லச் சொன்னதைச் சொல்லுறன்.

வேண்டாம் எண்டு சொல்லுவினம், அப்பிடியும் நடந்திருக்கு. அந்தக் கதை கொப்பிக்குள்ளயே கிடக்கு.

மற்றது எப்பிடிச் சொல்லுறது எண்டது. அழிவுப் படங்களைப் போட்டுப் புத்தகத்துக்கு ஆள் கூப்பிடாதேங்கோ. “கண்ணீர் வரவைக்கும்” எண்டு எழுதாதேங்கோ. மே மாதம் அந்தக் கிழமையில, முள்ளிவாய்க்கால் கஞ்சி குடுக்கிற நாளில, புத்தக அட்டையும் விலையும் போடாதேங்கோ, அண்டைக்குச் சனம் தங்கட ஆக்களோட இருக்கட்டும். கதையில சாவுக்கு வெளிய என்ன இருக்கோ, செருப்பு, கிணறு, பாதியில விட்ட ஓலெவல் பாஸ்ற் பேப்பர், அதைச் சொல்லுங்கோ. வாங்கிற காசில ஏதும் மிஞ்சினால் என்ன செய்யப் போறியள் எண்டு முதலே மனசில தீர்மானிச்சு வச்சிருங்கோ, ஆராவது கேட்டால் நேர சொல்லலாம்.

வெளியீட்டு விழா வைக்கத்தான் வேணுமோ? அதில என்வலப் வாங்கிறதுதான் சங்கடமா இருக்கு.

விழா வச்சால் நல்லதுதான், எங்கட ஆக்களுக்குப் புத்தகம் ஒண்டு வந்திருக்கு எண்டு பதியிறது அண்டைக்குத்தான். ஆனா மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை நாலு, வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை எண்டு மூண்டு மணித்தியாலம் போகேக்க, புத்தகத்தில இருந்து ஒரு வரி கூட ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. என்ர ரெண்டாவது புத்தகத்துக்கு வாழ்த்துரை எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு, முள்ளியவளையில இருந்து வந்த கூத்து ஆடுற ஐயா ஒருத்தரைக் கொண்டு ஒரு கதையை முழுசா வாசிப்பிச்சன். பதினாலு நிமிசம். பின்னுக்குக் கதிரை அடுக்கிக்கொண்டு நிண்ட பெடியனும் அடுக்கிறதை விட்டிட்டு நிண்டு கேட்டவன்.

என்வலப்பைப் பற்றி. மேடையில ஒவ்வொரு பேராக் கூப்பிட்டுச் சிறப்புப் பிரதி குடுக்கிறது, அவையள் என்வலப்பைக் கையில வைக்கிறது, எங்கட வழக்கம், அதால எத்தினையோ பேர்ர அச்சுக்கூலி அடைஞ்சிருக்கு. அதைப் பிழை எண்டு சொல்ல மாட்டன். ஆனா காசு இல்லாத ஆள் அந்த வரிசையில போக ஏலாமல் பின்வாங்கில இருந்திட்டு எழும்பிப் போறதை நான் கண்டிருக்கிறன், அவர்தான் உண்மையா வாசிக்கிற ஆள். அதால வாசலில ஒரு மேசை போட்டு விலையை எழுதி வையுங்கோ, பக்கத்தில “மாணவர்களுக்கு அரைவிலை” எண்டு ஒரு மட்டை. கையெழுத்துக் கேட்டால் மேசையடியில இருந்து போட்டுக் குடுங்கோ, ரெண்டு வசனம் கதைக்கலாம்.

நாளைப் பாத்து வையுங்கோ. காலபோக நெல்லு விதைக்கிற ஐப்பசி கார்த்திகையில மழை, றோட்டும் சரியில்லை, கையில காசும் இல்லை. அருவி வெட்டி முடிஞ்சு நெல்லு வித்த கையோட, பங்குனி சித்திரைப் பக்கம், சனத்துக்கு மூச்சு விட நேரம் இருக்கும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வைகாசியில, அந்தக் கிழமையைத் தொடாதேங்கோ, எல்லாரும் அங்க. பிள்ளையளுக்குச் சோதினை இருக்கிற மாதத்தையும் தவிருங்கோ.

“எனக்கொரு கொப்பி சும்மா தாவன்” எண்டு கேக்கினம், என்ன சொல்ல?

நூலகத்துக்கு, படிக்கிற பிள்ளைக்கு, கதை தந்த ஆளுக்குச் சும்மா குடுங்கோ. மற்றவையிட்ட விலையைச் சிரிச்சுக்கொண்டு சொல்லுங்கோ. எழுத்தாளர் டொமினிக் ஜீவா மல்லிகைச் சஞ்சிகையை 1966 ஆவணி தொடங்கி 2012 வரைக்கும் நடத்தினவர், யாழ்ப்பாணத் தெருவளிய தானே கையில கொண்டு திரிஞ்சு வித்தவர், விலைக்கு. அதை ஆரும் கேவலம் எண்டு இண்டைக்குச் சொல்லுறேல்லை, அந்தக் காசில அடுத்த இதழ் வந்தது. தேத்தண்ணிக் கடையில ரெண்டு ரோல்ஸ் சாப்பிட்டுக் காசு குடுக்கிற ஆளுக்குப் புத்தகத்துக்குக் காசு குடுக்கிறதும் ஏலும்.

வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்கு எப்பிடிக் கொண்டுபோறது?

முதல் நேரம் பாருங்கோ. இஞ்ச இரவு 9 மணி எண்டால் கோடையில லண்டன்ல பின்னேரம் 4.30, ரொறொன்ரோவில முற்பகல் 11.30. விடிய எழும்பின உடன நாங்கள் அனுப்புறது லண்டன்ல நடுச்சாமத்தில போன்ல அடிக்கும்.

அவையளுக்கு எழுதேக்க ரெண்டு விசயம் எனக்குப் படுது. ஒண்டு, அனுதாபத்தைத் தட்டி எழுப்பி விக்காதேங்கோ, “வன்னியில் இருந்து ஒரு ஏழை எழுத்தாளரின் குரல்” எண்டு ஒருத்தர் என்னை அறிமுகப்படுத்தேக்க நான் நிப்பாட்டச் சொன்னன், கதை நல்லா இருந்தால் வாசிக்கட்டும். மற்றது, அவையள் தேடுறது இடப்பேர். கனகராயன் ஆறு, புளியங்குளம் சந்தி, அக்கராயன் குளத்துக் கட்டு எண்டு ஒரு சொல் கண்ணில பட்டால் வாசிக்காமல் போக மாட்டினம், அந்தச் சொல் கதையில இருந்தால் அதைத்தான் நாலு வரிக்குள்ள வையுங்கோ. புத்தகம் தபால்ல அனுப்பினால் சில வேளை புத்தக விலையை விட முத்திரை கூட வரும், ஆராவது லீவில வந்திட்டுப் போகேக்க பத்துக் கொப்பி குடுத்துவிடுறதுதான் நடைமுறை.

நூலகம் எண்டு 2005 இல தொடங்கின இணைய நூலகம் இருக்கு, ஈழத்து நூல் இதழ் எல்லாம் ஸ்கான் பண்ணி ஆரும் இலவசமா வாசிக்க வச்சிருக்கினம். வித்து முடிஞ்ச புத்தகத்துக்கு நீங்கள் அனுமதி குடுத்தால் அங்கயும் இருக்கும், கறையான் ஏற ஏலாத இடம்.

நான் அனுப்பினது அவையின்ர போன்ல எழுத்து மாறித் தெரியுதாம்?

பாமினியில ரைப் பண்ணியிருப்பியள். அந்த எழுத்துரு இல்லாத போன்ல உங்கட கவிதை இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாத்தான் விழும், புள்ளி வச்ச எழுத்து வாற இடமெல்லாம் ஒரு அரைப்புள்ளி நிக்கும். யூனிகோட்டுக்கு மாத்திப்போட்டு அனுப்புங்கோ. பெரிய பிடிஎஃப் அனுப்பாதேங்கோ, ரீலோட் போட்டு டேற்றா பாவிக்கிற ஆளுக்கு 40 எம்பி எண்டது காசு, ஒரு கதை எண்டால் நேர மெசேச்சாவே போடலாம்.

சஞ்சிகைக்கு அனுப்பினால் காணாதோ, நான் ஏன் சொல்ல வேணும்?

அனுப்புங்கோ, கட்டாயம். ஞானம் 2000 ஆம் ஆண்டில இருந்து வருது, ஜீவநதி 2007 இல இருந்து வருது, பேப்பர்களின்ர வாரமலரும் இருக்கு. ஆசிரியர் ஒருத்தர் பாத்துத் தெரிஞ்செடுத்தது எண்டால் உங்களுக்கும் சொல்ல லேசு, “என்ர கதை இந்த மாத இதழில வந்திருக்கு” எண்டது வெறும் செய்தி. ஆனா இதழ் வந்தது எண்டு எங்கட ஊர் ஆக்களுக்கு அசரீரி கேக்காது. ஒரு கொப்பி வாங்கி வாசிகசாலை மேசையில போடுங்கோ.

ஆராவது என்ர பேரை வெட்டிப்போட்டுத் தங்கட பேரில போட்டால்?

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி நீங்கள் எழுதின உடனேயே உரிமை உங்கடதான், எங்கயும் பதியத் தேவையில்லை, நீங்கள் இருக்கும் வரைக்கும் அதுக்குப் பிறகு 70 வருசமும். பேரில்லாமல் திரியிறதைக் கண்டால் முதல் தனியா மரியாதையா எழுதிக் கேளுங்கோ, தெரியாமல் செய்த ஆக்கள்தான் கூட. இந்தப் பயத்தில எழுத்தைப் பூட்டி வைக்காதேங்கோ.

நூலகத்தில வைக்கிறதுக்கு என்ன செய்ய வேணும்?

புத்தகம் அச்சுக்குப் போக முதலே தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பிச்சு ஐஎஸ்பிஎன் எண்ட புத்தக இலக்கத்தை எடுங்கோ, எங்கட நாட்டு நம்பர் 978-955 அல்லது 978-624 எண்டு தொடங்கும். அச்சானாப் பிறகு உங்கட பிரதேச சபை நூலகத்துக்கு ரெண்டு கொப்பியோட நேர போங்கோ, நூலகரைக் கண்டு, “சேர், நான் இந்த ஊர்தான், இது நான் எழுதினது, வாசிக்கிற ஆக்களுக்கு உதவுமெண்டால் வையுங்கோ” எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான் நான் சொன்னனான், அதுக்கே கை நடுங்கினது. அவர் வாங்கிப் பின்னட்டையை வாசிச்சார், உள்ளுக்க ஒரு பக்கம் வாசிச்சார், முத்திரை குத்தி இலக்கம் போட்டார்.

ஒண்டரை வருசம் கழிச்சு வேற அலுவலாப் போகேக்க இறாக்கையில அது நிண்டுது, முதுகில ஸ்ரிக்கர் ஒட்டி. எடுத்துக் கடைசித் தாளைப் பாத்தன், திகதி குத்திற துண்டில ஏழு திகதி. ஆராரெண்டு எனக்குத் தெரியாது, ஒருத்தரும் என்னட்ட ஒண்டும் சொன்னதும் இல்லை. அதில ரெண்டு திகதிக்கு இடையில சரியா ரெண்டு கிழமை, இரவல் குடுக்கிற தவணை அங்க ரெண்டு கிழமை, ஆரோ ஒருத்தர் திருப்பிக் கொண்டுவந்து நீட்டிக்கொண்டு போயிருக்கிறார். முப்பத்தி மூண்டாம் பக்கம், அந்த நீலச் செருப்பு வாற இடம், மூலை மடிச்சுக் கிடந்தது. நிமிர்த்தாமல் அப்பிடியே வச்சிட்டு வந்தன்.